ஐந்தாம் நாள் கரு: ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் சண்டை எதைப் பற்றி?

ஸ்டெம் செல் என்றால் தானும் பெருகி, உடலின் வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல். அந்தப் பெயரைத் தலைப்பில் பார்த்ததும் பலருக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்களே, அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது, அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை, கத்தோலிக்கத் திருச்சபைகூட எதிர்க்கவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தின் கதையும் அப்படியே. நீதிமன்றம், நாடாளுமன்றம், வாடிகன் வரை போன சண்டை மனிதக் கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லைப் பற்றியது மட்டும். காரணம் எளிது: அதை எடுக்கும்போது அந்தக் கரு இல்லாமல் போகிறது.

தமிழில் படிப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. கருவுற்ற ஒற்றைச் செல்லும் நமக்குக் ‘கரு’தான், ஏழாம் மாதத்தில் எட்டி உதைப்பதும் ‘கருவில் இருக்கும் குழந்தை’தான். அதனால் ‘கருவை அழித்து ஆராய்ச்சி’ என்று படித்ததும் கை கால் விரலோடு சுருண்டு கிடக்கும் ஸ்கேன் படம் மனதில் வந்து நிற்கிறது. செய்தியோடு போடும் படமும் பல நேரம் அதுவாகவே இருக்கும். அது தவறான படம். சரியான படத்தைப் பார்த்தால் எதிர்ப்பெல்லாம் கரைந்துவிடும் என்று சொல்ல வரவில்லை, கரையாது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது தெரிந்துகொண்டு சண்டை போடலாம்.

## முதலில் நாள் கணக்கு

1. முதல் நாள்: கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்து ஒரே ஒரு செல். உடல் முழுவதும் இதிலிருந்து வரும், நஞ்சுக்கொடியும் இதிலிருந்தே வரும்.

2. மூன்றாம் நாள்: ஏறக்குறைய எட்டு செல்கள். எது தோலாகும், எது மூளையாகும் என்று எதுவும் முடிவாகவில்லை.

3. ஐந்தாம் நாள்: நூறு, இருநூறு செல்கள் கொண்ட ஒரு குமிழ். பிளாஸ்டோசிஸ்ட் என்பார்கள். வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடியின் பங்காகும். உள்ளே ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்துதான் உடலாக மாறக்கூடியது. மொத்த அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு, அதாவது இந்த வாக்கியத்தின் முடிவில் உள்ள புள்ளியைவிடச் சிறியது.

4. பதினான்காம் நாள் வாக்கில்: தட்டாக விரிந்த செல் படலத்தில் ஒரு கோடு விழுகிறது. ‘ஆதிக்கோடு’ என்று வைத்துக்கொள்வோம். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்பது இங்கேதான் முடிவாகிறது. ஒரு கரு இரண்டாகப் பிரிந்து ஒத்த இரட்டையராக ஆகும் வாய்ப்பும் ஏறக்குறைய இதோடு முடிகிறது.

5. மூன்று வாரம் தாண்டி: இதயம் துடிக்கத் தொடங்குகிறது. நரம்பு மண்டலம் உருவாகத் தொடங்கியிருக்கும், உணர்வதற்கான மூளை இன்னும் வெகு தொலைவில்.

கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடப்பது மூன்றாவது புள்ளியில். இந்தக் கருக்கள் எந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருக்கலைப்பு விவாதத்தோடு இதைப் போட்டுக் குழப்புவது வழக்கம், ஆனால் இங்கே கர்ப்பம் என்ற ஒன்றே இல்லை. கண்ணாடித் தட்டில் உருவாகி, கண்ணாடித் தட்டிலேயே இருப்பவை இவை.

## அந்த ஐந்தாம் நாளில் என்ன செய்கிறார்கள்?

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு செய்ததை வைத்துப் பார்ப்போம், மனிதக் கருவிலிருந்து இந்தச் செல்களை முதலில் பிரித்தெடுத்து வளர்த்தது அவர்கள்தான். எலியில் 1981லேயே செய்தாகிவிட்டது, மனிதனுக்கு வர 17 ஆண்டுகள் ஆயின.

செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சி, பெற்றோர் எழுதிக்கொடுத்த 36 கருக்கள். அவற்றில் ஐந்தாம் நாள் நிலை வரை வளர்ந்தவை 20. பிளாஸ்டோசிஸ்ட்டின் வெளிச்சுவரை மட்டும் தாக்கும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் விட்டு, வெளிச்சுவர்ச் செல்களைக் கரைத்துவிடுகிறார்கள். உள்ளே இருந்த கொத்து மட்டும் மிஞ்சும். அதை எடுத்து, தட்டில் ஏற்கெனவே பரப்பி வைத்திருக்கும் எலிச் செல் விரிப்பின் மேல் வைக்கிறார்கள், அந்த எலிச் செல்கள் செவிலித்தாய் மாதிரி, ஊட்டம் கொடுக்கும், தாம் பெருகாது. இப்படி 14 கொத்துகளைப் பிரித்ததில் தொடர்ந்து பெருகியவை ஐந்து. அவற்றுக்கு எச்1, எச்7, எச்9, எச்13, எச்14 என்று பெயர். ‘செல் வரிசை’ என்று சொல்வது இதைத்தான்: ஒரு கருவிலிருந்து கிளம்பி, சரியாகப் பராமரித்தால் முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகும் ஒரு செல் வம்சம். எச்9 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

வெளிச்சுவர் போனபின் அந்தக் கொத்து இனி கருப்பையில் ஒட்டி வளர முடியாது. கரு அழிகிறது என்பது இந்த இடத்தில்தான். ஆராய்ச்சியாளர் தரப்பு சில நேரம் இதைப் பூசி மெழுகுகிறது, ‘கரு மாற்றி அமைக்கப்படுகிறது’ என்ற தோரணையில். அப்படிச் சொல்ல அவசியமே இல்லை. அழிகிறது. அழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

## கருக்கள் எங்கிருந்து வருகின்றன?

செயற்கைக் கருத்தரிப்பில் (ஐ.வி.எஃப்.) பிறந்த முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978 ஜூலையில் பிறந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. ஐ.வி.எஃப். முறையில் ஒரு சுற்றில் பல கருமுட்டைகளை எடுத்துக் கருவுறச் செய்வது வழக்கம், ஏனென்றால் எல்லாம் வளராது, வளர்ந்ததெல்லாம் ஒட்டாது. ஒன்றோ இரண்டோ கருப்பையில் வைத்தபின் மிஞ்சியவை திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் மெல்லிய குழல்களுக்குள் உறைந்து கிடக்கும். குழந்தை பிறந்து, அதற்கும் தம்பியோ தங்கையோ பிறந்து, இனி வேண்டாம் என்று தம்பதி முடிவெடுத்தபின் ஒரு படிவம் அவர்கள் முன் வருகிறது. பொதுவாக நான்கு வழிகள்: தொடர்ந்து உறைய வைத்திருப்பது, இன்னொரு தம்பதிக்குக் கொடுப்பது, உறைநிலையிலிருந்து எடுத்து அழிய விடுவது, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. எந்தக் கட்டத்திலும் டிக் போடாமல் ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. அந்தத் தயக்கத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெறும் செல் கொத்து என்று எல்லோரும் உண்மையிலேயே நினைத்தால் அந்தப் படிவத்தில் கை நடுங்க வேண்டிய அவசியமே இல்லை. முழுக் குழந்தை என்று நினைத்தால் உறைபெட்டியில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

## வாதம், பதில், பதிலுக்குப் பதில்

மேடையில் இரு தரப்பும் ஒரு சுற்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையான விஷயம் மூன்றாவது சுற்றில்தான் இருக்கிறது.

1. ‘கருத்தரிப்பிலேயே மனிதன் ஆரம்பம்.’ எதிர்ப்பவர்களின் மைய வாதம் இது. அந்த முதல் செல்லிலிருந்து பெரிய ஆள் வரை இடையில் எங்கும் ஒரு முறிவு இல்லை, எங்கே கோடு போட்டாலும் அது நம் வசதிக்குப் போடும் கோடு, ஆகவே முதலிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். இதற்குப் பதில்: படிப்படியாக மாறுவதால் முதலும் முடிவும் ஒன்றாகிவிடாது. ஆலம் விதையை மிதித்தவனை ஆலமரத்தை வெட்டியவன் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல பதில் மாதிரி தெரிகிறது, ஆனால் எதிர்த்தரப்பு இதற்கும் பதில் வைத்திருக்கிறது: மரத்தை நாம் அதன் நிழலுக்கும் வயதுக்கும் மதிக்கிறோம், அதனால்தான் விதை வேறு மரம் வேறு. மனிதனை அப்படி அளவு பார்த்து மதிப்பதில்லையே, கைக்குழந்தைக்கு இருபது வயதுக்காரனைவிடக் குறைந்த உயிரா? இந்த இடத்தில்தான் இரு தரப்பும் உண்மையில் பிரிகின்றன. மதிப்பு ‘என்னவாக இருக்கிறது’ என்பதிலா, ‘என்ன செய்ய, உணர முடிகிறது’ என்பதிலா? எந்த நுண்ணோக்கியும் இதற்கு விடை சொல்லாது.

2. ‘அது ஒரு தனி ஆளே இல்லை.’ ஐந்தாம் நாள் கரு நாளைக்கே இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். அப்படியானால் இன்று அங்கே இருப்பது யார், அண்ணனா தம்பியா? ஆராய்ச்சியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதங்களில் இது ஒன்று. மறுப்பு: பிளனேரியா என்ற தட்டைப்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும், அதனால் வெட்டுவதற்கு முன் அங்கே ஒரு புழுவும் இல்லை என்று சொல்வோமா?

3. ‘எப்படியும் தூக்கிப்போடத்தானே போகிறார்கள்?’ பொதுவெளியில் அதிகம் எடுபடுவது இந்த வாதம், எனக்கு மிகவும் பலவீனமாகப் படுவதும் இதுவே. மரண தண்டனைக் கைதி நாளை சாகத்தான் போகிறார், அதனால் இன்றே அவர் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளலாமா? கரு ஒரு முழு மனித உயிர் என்றால் இந்த வாதம் ஆராய்ச்சியைக் காப்பாற்றாது, முழு மனித உயிர் இல்லை என்றால் இந்த வாதமே தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே, ‘உயிர் முழுமையாக இல்லை, ஆனால் ஒரு மரியாதை உண்டு’ என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இது பொருள் தரும்: குப்பைக்குப் போவதைவிட ஒரு நோயாளிக்குப் பயன்படுவது அந்த மரியாதைக்கு நெருக்கமானது என்று. பல நாடுகளின் சட்டங்கள் இந்த நடு நிலையில்தான் நிற்கின்றன, வாயால் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

4. தீப்பிடித்த ஆய்வகம். ஒரு அறையில் ஐந்து வயதுக் குழந்தை, இன்னொரு அறையில் ஆயிரம் கருக்கள் அடங்கிய உறைகலன், ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். எல்லோரும் குழந்தையைத்தான் தூக்குவார்கள், ஆகவே கருவைக் குழந்தைக்குச் சமமாக யாரும் உண்மையில் நினைக்கவில்லை என்கிறது இந்த வாதம். மறுப்பு சுருக்கமானது: யாரை முதலில் காப்பாற்றுவேன் என்பது வேறு, யாரைக் கொல்லலாம் என்பது வேறு. இரண்டு குழந்தைகளில் என் குழந்தையைத்தான் தூக்குவேன், அதனால் மற்றதை வெட்டி ஆராயலாம் என்று ஆகாது.

5. இயற்கையிலேயே கருவுற்றவற்றில் கணிசமானவை ஒட்டாமலே வெளியேறிவிடுகின்றன, பெண்ணுக்கே தெரியாமல். அதற்கு யாரும் துக்கம் காப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் இயற்கையில் சாவது அதிகம் என்பது கொல்வதற்கு அனுமதி ஆகிவிடாது. துக்கம் இல்லாததை வைத்து மதிப்பை அளப்பதும் வழுக்கும் தரை.

மதங்களை ஒரே பக்கத்தில் நிறுத்திவிடுவதும் வழக்கமான பிழை. கத்தோலிக்க நிலைப்பாடு கருத்தரிப்பிலிருந்தே முழுப் பாதுகாப்பு. யூத மரபில் நாற்பது நாள் வரை கரு ‘வெறும் நீர்’ என்ற தால்முத் கூற்று இருக்கிறது, இஸ்லாமிய அறிஞர்களில் பலர் ஆன்மா ஊதப்படுவது 40ஆம் அல்லது 120ஆம் நாளில் என்கிறார்கள். அதனால் இஸ்ரேலும் ஈரானும், வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள், இந்த ஆராய்ச்சியை அனுமதிப்பதில் ஒரே பக்கம்.

திருச்சபையின் வாதத்தை ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அது முன்னுக்குப் பின் முரண் இல்லாதது. அவர்கள் 1987லிருந்தே ஆவணமாக எழுதி ஐ.வி.எஃப்.-ஐயும் சேர்த்துத்தான் எதிர்க்கிறார்கள். சிக்கல், ஐ.வி.எஃப். சரி, மிஞ்சிய கருவை அழிய விடுவதும் சரி, ஆராய்ச்சி மட்டும் கொலை என்று நிற்பவர்களுக்குத்தான்.

## 14 நாள் என்ற கோடு

பிரிட்டனில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் 1982இல் ஒரு குழு அமைத்தார்கள், 1984இல் அறிக்கை வந்தது. ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது அதன் பரிந்துரை. 1990இல் சட்டமானது, பிறகு பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன. குழுவிலேயே மூன்று பேர் எந்த ஆராய்ச்சியும் கூடாது என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஏன் 14? ஆதிக்கோடும் இரட்டையர் விஷயமும் மேலே சொன்னவை. அதோடு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: நாளை எண்ணுவது எளிது. ‘வலி உணரும் வரை’ என்று சட்டம் போட்டால் யார் அளப்பது? 14 என்றால் பதிவேட்டைப் பார்த்தால் போதும். இயற்கை பதினான்காம் நாளில் மணி அடிக்கவில்லை, மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த எண் இது.

இந்தக் கோடு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது, யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. ஆய்வகத்தில் ஏழெட்டு நாள் தாக்குப்பிடித்தாலே பெரிது. 2016இல் இரண்டு குழுக்கள், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், கருவைப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் வரை வளர்த்துவிட்டு, 14 நாள் விதிக்காக நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் அது முதல்முறையாக உண்மையான வேலியானது. 2021இல் ஸ்டெம் செல் ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம், 14 நாளைக் கடப்பதை முழுத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்று. முட்டும்வரை வேலி புனிதம், முட்டியதும் தள்ளி நடலாம் என்றால் அது என்ன வேலி என்று எதிர்ப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருச்சிதைவுகள் ஏன் நடக்கின்றன என்பதற்கான விடைகளில் பல மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒளிந்திருக்கின்றன என்பதும் நிஜம்.

## பழைய செல் சரி, புதிய செல் கூடாது

அரசுகள் இதில் கண்டுபிடித்த சமரசங்கள் தனி ரகம்.

அமெரிக்காவில் 1996லிருந்து ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டோடு ஒட்டி வரும் ஒரு பிரிவு, கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசுப் பணம் தரக்கூடாது என்கிறது. கவனியுங்கள், ஆராய்ச்சிக்குத் தடை இல்லை, அரசுப் பணத்துக்குத்தான் தடை. தாம்சனுக்குப் பணம் கொடுத்தது ஒரு தனியார் நிறுவனம். அப்புறம் அரசு வழக்கறிஞர்கள் ஒரு வழி சொன்னார்கள்: கரு வேறு, அதிலிருந்து வந்த செல் வேறு, அழிப்பதைத் தனியார் பணத்தில் செய்துவிட்டால், வந்த செல்லில் ஆராய்ச்சியை அரசுப் பணத்தில் செய்யலாம்.

2001 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் வந்து ஒரு தேதிக் கோடு போட்டார். அன்றுவரை உருவான செல் வரிசைகளுக்குப் பணம் உண்டு, அதற்குப் பிறகு உருவானவற்றுக்கு இல்லை. ஏற்கெனவே போன உயிர் திரும்பாது, இனி அழிப்பதை ஊக்குவிக்க மாட்டோம் என்பது தர்க்கம். அறுபதுக்கு மேல் வரிசைகள் இருப்பதாகச் சொன்னார், கடைசியில் பயன்படுத்த முடிந்தவை 21 மட்டுமே. 2009இல் ஒபாமா அதை நீக்கினார்: ஐ.வி.எஃப். மிச்சம், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பணம் கைமாறக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அதையும் எதிர்த்து வழக்கு நடந்து, 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததோடு முடிந்தது.

ஜெர்மனி இன்னும் நுணுக்கம். நாட்டுக்குள் கருவை ஆராய்ச்சிக்காக அழிப்பது குற்றம். ஐ.வி.எஃப்.-இல்கூட ஒரு சுற்றில் வைக்கப்போவதற்கு மேல் கருக்களை உருவாக்கக் கூடாது என்ற கோட்பாடு, ஆக மிச்சமே வரக்கூடாது. ஆனால் 2002 ஜனவரி 1க்கு முன் வெளிநாட்டில் உருவான செல் வரிசைகளை அனுமதி வாங்கி இறக்குமதி செய்யலாம். ஜெர்மனிக்காக ஒரு கருவும் அழியக் கூடாது என்பது எண்ணம். 2008இல் அந்தத் தேதியை 2007 மே 1க்கு நகர்த்தினார்கள். ஒருமுறை நகர்ந்த தேதி ஏன் மறுபடி நகராது என்று கேட்டால் சட்டத்தில் பதில் இல்லை. இறைச்சி சாப்பிடலாம், ஆடு வெட்டுவது மட்டும் பக்கத்து ஊரில் நடக்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு இது. ஏளனமாகச் சொல்லவில்லை, ஆழமாகப் பிளந்து நிற்கும் ஒரு சமூகம் இதைவிட நேர்த்தியாக என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

## விவாதத்தில் காணாமல் போனவர்கள்

கருவைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள், முட்டை யாருடையது? நோயாளியின் சொந்த மரபணுவோடு ஸ்டெம் செல் உருவாக்க ஒரு வழி, பெண்ணின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு நோயாளியின் செல் உட்கருவை வைப்பது. குளோனிங்கில் டாலி ஆடு பிறந்த அதே முறை. இதற்கு மிச்சக் கரு உதவாது, புதிய முட்டைகள் வேண்டும், நிறைய வேண்டும். முட்டை கொடுப்பது ரத்தம் கொடுப்பது மாதிரி இல்லை: நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து ஊசிவழி எடுப்பது, சிலருக்குச் சினைப்பை வீங்கி உடலில் நீர் கோத்து ஆபத்தாகவும் போகலாம்.

தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் 2004லும் 2005லும் இதைச் சாதித்துவிட்டதாக அறிவித்து உலகப் புகழ் பெற்றார். 2006 தொடக்கத்தில் இரண்டுமே புனைவு என்று அவருடைய பல்கலைக்கழகமே சொன்னது. எல்லோரும் மோசடியை நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அதில் செலவானதும், சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டதும், அவர் ஆய்வகத்திலேயே வேலை செய்த இளம் பெண்கள் முட்டை கொடுத்திருந்ததும் ஒரு பத்தியில் அடங்கிவிட்டன. தன் மேலதிகாரியின் ஆய்வுக்குத் தன் உடலிலிருந்து கொடுக்கும் பெண்ணின் ‘விருப்பம்’ எவ்வளவு விருப்பம்? கருவின் நிலையைப் பற்றி என்ன நினைத்தாலும் இந்தக் கேள்வி தனியாக நிற்கும்.

## ஐ.பி.எஸ். வந்ததும் முடிந்துவிட்டதா?

ஐ.பி.எஸ். என்றதும் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தால் ஒதுக்கி வையுங்கள், வளர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஸ்டெம் செல்லின் பெயர் இது. ஜப்பானின் ஷின்யா யாமனாகா ஒரு நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியாக ஒரு கருவைப் பார்த்தபோது, இதற்கும் தன் மகள்களுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். வேறு வழி இருக்க வேண்டும் என்று தேடினார். 2006இல் எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார், 2007இல் மனிதச் செல்லிலும். அதே 2007 நவம்பரில் தாம்சனும் இதையே செய்து காட்டினார். யாமனாகாவுக்கு 2012இல் நோபல்.

‘இனிக் கரு தேவையில்லை’ என்று அப்போது எழுதியவர்கள் மூன்று விஷயங்களை விட்டுவிட்டார்கள்.

1. அந்த நான்கு மரபணுக்களைத் தேர்ந்தெடுக்க யாமனாகா தொடங்கிய 24 மரபணுக்கள் கொண்ட பட்டியல், கரு ஸ்டெம் செல்களை ஆராய்ந்து கிடைத்தது. மாற்றுவழிக்கான வரைபடமே அந்த வழியில் போனவர்கள் வரைந்தது.

2. திருப்பும்போது செல்லில் மரபணுப் பிழைகள் சேரலாம். ஜப்பானில் 2014இல் ஒரு மூதாட்டியின் கண்ணில் அவர் செல்லிலிருந்தே உருவாக்கிய திசுவை வைத்தார்கள், இரண்டாவது நோயாளிக்கு வைக்குமுன் அவர் செல்களில் மாற்றங்கள் தெரியவர, 2015இல் நிறுத்தினார்கள்.

3. சிகிச்சைகள் இரண்டு பாதையிலும் வந்துகொண்டிருக்கின்றன. 2025 ஏப்ரலில் பார்க்கின்சன் நோய்க்கு இரண்டு பரிசோதனை முடிவுகள் ஒரே இதழில் வெளியாயின. ஜப்பானில் ஏழு பேருக்கு ஐ.பி.எஸ். செல்லிலிருந்து, வட அமெரிக்காவில் பன்னிரண்டு பேருக்குக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து. அந்தப் பன்னிரண்டு பேரின் மூளைக்குள் போன செல்கள் எச்9 வரிசையைச் சேர்ந்தவை. 1998இல் விஸ்கான்சினில் ஒரு தட்டில் தொடங்கிய அதே வம்சம். பாதுகாப்பைச் சோதிக்கும் ஆரம்பக் கட்டம்தான் இது, குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வகைச் சர்க்கரை நோயில் அதே ஆண்டு வந்த முடிவு இன்னும் தெளிவு: ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் உடல் அந்தச் செல்களை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அதற்கென்று ஆபத்துகள் உண்டு.

போகிற போக்கில் ஒன்று: மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ விற்கும் கடைகளுக்கும் மேலே சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் நோயாளியின் கொழுப்பிலிருந்தே எடுத்துத் திரும்பக் குத்துகிறார்கள். அமெரிக்காவில் அப்படிக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவானது. கருவைத் தொடாததால் அது நெறியான சிகிச்சை ஆகிவிடவில்லை.

## இப்போது சண்டை எங்கே நிற்கிறது?

கரு அழிவதுதான் பிரச்சினை என்றால் கருவே இல்லாத தோல் செல்லில் வேலை செய்யுங்கள் என்பது சமாதான வழியாக இருந்தது. அந்த வழி போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். 2021 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஹோசே போலோ குழு, வயது வந்தவர்களின் தோல் செல்களைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவை தாமாகக் கூடி ஒரு குமிழாக நின்றன. வெளிச்சுவர், உள்ளே கொத்து, ஏறக்குறைய ஐந்தாம் நாள் கருவின் அச்சு. முட்டையும் இல்லை, விந்தணுவும் இல்லை. ‘ஐபிளாஸ்டாய்டு’ என்று பெயர் வைத்தார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் ஒரு குழு ஸ்டெம் செல்களிலிருந்து இதே போன்றதை உருவாக்கியது. 2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னா குழு, பதினான்காம் நாள் கருவைப் போன்ற ஒரு மாதிரியை ஸ்டெம் செல்களிலிருந்தே வளர்த்தது.

இவை குழந்தையாகுமா? இன்று தெரிந்தவரை இல்லை, கருப்பையில் வைத்துப் பார்ப்பதை எல்லா நெறிமுறைகளும் தடுக்கின்றன, தடுக்கத்தான் வேண்டும். அதனால்தான் இவை கருவா இல்லையா என்று சோதித்துச் சொல்லவும் வழி இல்லை: சொல்லக்கூடிய ஒரே சோதனை, செய்யவே கூடாத சோதனை. ‘குழந்தையாகும் ஆற்றல் உள்ளது’ என்பதை வைத்து மதிப்பை அளந்தவர்களுக்கு இது சங்கடம், ஏனென்றால் அந்த ஆற்றல் தகுந்த கைப்பக்குவத்தோடு ஒரு தோல் செல்லுக்கும் வரலாம் போலிருக்கிறது. கருத்தரிப்பை வைத்து அளந்தவர்களுக்கும் சங்கடம்தான், இங்கே கருத்தரிப்பு நடக்கவே இல்லை, ஆகவே 14 நாள் எண்ணுவதற்கு முதல் நாள் என்ற ஒன்றே கிடையாது.

ஆஸ்திரேலிய அதிகாரிகள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, ஐபிளாஸ்டாய்டு சட்டப்படி மனிதக் கருதான், உரிமம் வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். பிரிட்டனில் 2024இல் வந்த நடத்தைக் கோவை, இவற்றைக் கருவாகக் கொள்ளாமல், தனிக் குழு வைத்து ஒவ்வொன்றுக்கும் கால எல்லை குறிக்கச் சொல்கிறது, அதுவும் தன்னார்வ விதிதான். ஆக, ஒரே மாதிரியான செல் குமிழ், மெல்போர்னில் கரு, லண்டனில் கரு இல்லை. தோல் கொடுத்தவர் அதற்கு யார், என்ன உறவு என்பதை இன்னும் எந்தச் சட்டமும் எழுதவில்லை.